விண்வெளி டேட்டா சென்டர்: கணக்கு எங்கே தப்புகிறது?

ஆயிரக்கணக்கான சர்வர் கணினிகள் இயங்கும் டேட்டா சென்டர்களைப் பூமியின் சுற்றுப்பாதைக்குக் கொண்டுபோனால் மின்சாரப் பிரச்சினை தீரும் என்ற பேச்சு இப்போது பலமாக அடிபடுகிறது. காரணம் இல்லாமல் இல்லை. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி, 2024-இல் உலகம் செலவழித்த மின்சாரத்தில் ஏறக்குறைய 1.5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்குப் போனது. 2030-க்குள் அந்த அளவு இரண்டு மடங்கைத் தாண்டும் என்கிறார்கள். எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. அதனாலேயே, இதில் திரும்பத் திரும்ப வரும் சில தவறுகள் உறுத்துகின்றன.

பெரிய தவறு, ‘மேலே ஒரே குளிர், சர்வரைக் குளிர்விக்கச் செலவே இல்லை’ என்பது. பிளாஸ்கில் ஊற்றிய வெந்நீர் ஏன் மணிக்கணக்கில் ஆறாமல் இருக்கிறது? இரண்டு சுவர்களுக்கும் நடுவே காற்று இல்லை. விண்வெளியில் சர்வரின் நிலைமையும் அதுதான். சூட்டை வாங்கிப் போகக் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. அது கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். 20 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு சதுர மீட்டர் ரேடியேட்டர் தகடு (சூட்டைக் கதிர்வீச்சாக வெளிவிடும் தகடு), இரண்டு பக்கமும் சேர்த்து சுமார் 750 வாட் வெளியேற்றும். ஒரு மெகாவாட் சூட்டுக்கு 1,300 சதுர மீட்டருக்கு மேல் வேண்டும்.

அதற்காக, ‘குளிர்விக்கவே முடியாது’ என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. தகட்டின் சூடு கூடக் கூட, வெளியேறும் வெப்பம், கெல்வினில் அளந்த சூட்டின் நான்காம் அடுக்கில் ஏறும். 60 டிகிரியில் 800 சதுர மீட்டரே போதும். அதே ஒரு மெகாவாட்டுக்குச் சோலார் தகடுகள் கிட்டத்தட்ட 3,000 சதுர மீட்டர் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அளவு மனதில் பதிய ஓர் ஒப்பீடு. சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதன்மையான அமோனியா குளிர்விப்பு அமைப்பு வெளியேற்றக்கூடிய சூடு 70 கிலோவாட். சில்லு நிறுவனமான என்விடியாவின் 72 ஜிபியு (ஏஐ கணக்குகளைப் போடும் சில்லு) கொண்ட ஒரே ஒரு ரேக், அதாவது சர்வர் அடுக்கு, 120 கிலோவாட் வரை இழுக்கும். ஒரு ரேக்கைக்கூட அந்த அமைப்பால் தாங்க முடியாது!

அப்புறம், ‘24 மணி நேரமும் வெயில்’ என்பது. எல்லாச் சுற்றுப்பாதைக்கும் அது பொருந்தாது. விண்வெளி நிலையம் சுமார் 90 நிமிடத்தில் பூமியைச் சுற்றுகிறது. பெரும்பாலான சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நிழலில்தான். பகலும் இரவும் சந்திக்கும் கோட்டை ஒட்டியே போகும் பாதையில்தான் ஏறக்குறைய முழுநேர வெயில் கிடைக்கும். கூகுள் 2025-இல் அறிவித்த சன்கேட்சர் என்ற விண்வெளி டேட்டா சென்டர் திட்டம் 650 கிலோமீட்டர் உயரத்தில் அப்படியொரு பாதையைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

தகவல் போய்வரத் தாமதமாகும் என்ற பயம் இந்த உயரத்தில் தேவையற்றது. நேர் மேலே இருந்தால் ஒளி 2 மில்லி விநாடியில் வந்துவிடும்.

செலவைக் கணக்கிடுகிறவர்கள் மின்கட்டணத்தை மட்டும் கழித்துப் பார்த்துவிட்டு லாபம் என்கிறார்கள். ஏஐ டேட்டா சென்டரில் பெரும்பணம் சில்லுகளுக்குப் போகிறது. மேலே கொண்டுபோனால் அவற்றின் விலை குறையப் போவதில்லை. ஏவும் செலவு கிலோவுக்கு 200 டாலருக்குக் கீழே இறங்கினால்தான் கணக்கு ஒத்துவரும் என்று கூகுள் ஆய்வே சொல்கிறது. 2030-களின் நடுவில் அது நடக்கலாம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. தரையில் பழுதான போர்டை ஒருவர் நடந்துபோய்க் கழற்றி மாற்றிவிடுவார். மேலே, பழுதானது பழுதானதுதான். அதற்கென உபரிச் சில்லுகளை முதலிலேயே ஏற்றி அனுப்ப வேண்டும். அந்த எடையும் கணக்கில் வர வேண்டும்.

எல்லா வேலையையும் ஒரே தட்டில் வைப்பதும் சரியில்லை. மேலேயே பிறக்கும் தரவை மேலேயே அலசுவது இன்றே பலன் தருகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமை 2020-இல் ஏவிய ஃபைசாட்-1 செயற்கைக்கோள், மேகம் மூடிய படங்களை ஏஐ சில்லு கொண்டு தானே கண்டுபிடித்து ஒதுக்கியது. பயன்படாத அந்தப் படங்களைக் கீழே அனுப்பும் வேலை மிச்சமானது.