ஆர்.ஓ. மெஷினில் முதலில் கழுவ வேண்டியது டேங்கை

சென்னையில் போர் தண்ணீரை நம்பி இருக்கும் வீடுகளில் ஆர்.ஓ. மெஷின் இல்லாத சமையலறை குறைவு. சர்வீஸ்காரர் வருவார், கேண்டிலை, அதாவது அழுக்கைப் பிடிக்கும் முதல் ஃபில்டரை, மாற்றுவார், டிடிஎஸ் மீட்டரை டம்ளரில் முக்கி எண்ணைக் காட்டிவிட்டுப் போவார். மெஷினுக்குள் சுத்தமான தண்ணீர் சேரும் டேங்கின் மூடியை யாரும் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

காரணம் எளிது. மெட்ரோ தண்ணீரில் கிருமி வளராமல் இருக்க குளோரின் சேர்க்கிறார்கள். அந்தக் குளோரின், உப்பைத் தடுக்கும் மெல்லிய சவ்வான மெம்ப்ரேனைப் பாழாக்கும் என்பதால் அதற்கு முன்னாலேயே கார்பன் ஃபில்டர் அதை எடுத்துவிடுகிறது. போர் தண்ணீர் என்றால் குளோரினே இருக்காது. ஆக டேங்கில் வந்து விழும் தண்ணீர் சுத்தமானதுதான், ஆனால் தன்னைக் காத்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. மூடிய பிளாஸ்டிக் டேங்க், நம் ஊர்ச் சூடு, பாதி நாள் அசையாமல் நிற்கும் தண்ணீர், இது போதும், உள்சுவரில் வழவழவென்று ஒரு படலம் பிடிக்க. நிறைய மாடல்களில் யூவி விளக்கு டேங்குக்கு முன்னால்தான் இருக்கிறது, அதனால் டேங்கில் வளர்வதை அது ஒன்றும் செய்யாது. டிடிஎஸ் மீட்டரும் காட்டிக்கொடுக்காது, அது கரைந்திருக்கும் உப்பை மட்டும்தான் அளக்கும். 60 என்று காட்டும் தண்ணீரில் கிருமி இருக்கலாம்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை டேங்கைக் கழுவுங்கள், சித்திரை வைகாசி வெயிலில் இன்னும் கொஞ்சம் சீக்கிரமாகவே. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. உள்ளே வரும் தண்ணீரின் வால்வை மூடி, டேங்கில் இருப்பதை டேப் வழியாக முழுக்க வடித்துவிடுங்கள். பிறகு மேல் கவரின் ஸ்க்ரூவைக் கழற்றி மூடியைத் திறந்தால் உள்ளே ஃப்ளோட் என்னும் மிதவை தெரியும். விரலால் சுவரைத் தடவிப் பாருங்கள். வழுக்கினால் படலம் இருக்கிறது. கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு, புது ஸ்பாஞ்சால் சுவர், மூலை, ஃப்ளோட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் பழைய ஸ்க்ரப்பர் வேண்டாம், அது கீறல் போடும், அந்தக் கீறலில்தான் அடுத்த தடவை படலம் முதலில் பிடிக்கும். டேப்பைக் கழற்ற முடிந்தால் கழற்றி உள்ளேயும் தேயுங்கள். பலர் விட்டுவிடும் இடம் அது.

தேய்த்த பிறகுதான் கிருமிநாசினி. படலத்தை எடுக்காமல் மருந்து மட்டும் ஊற்றினால் மேலே இருப்பது சாகும், அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை வாங்குங்கள். 10 லிட்டர் டேங்குக்கு 10 மில்லி போதும், லிட்டருக்கு சுமார் 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். டேங்கில் சுத்தமான தண்ணீரை ஜக்கால் நிரப்பி, மருந்தைக் கலந்து, டேப்பைத் திறந்து குளோரின் வாடை வரும்வரை கொஞ்சம் விட்டு மூடிவிட்டு, அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். அப்புறம் வடித்து, நல்ல தண்ணீரால் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். மெஷினைப் போட்ட பிறகு முதலில் நிரம்பும் இரண்டு டேங்க் தண்ணீரைக் குடிக்காமல் வாளியில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

இதில் மூன்று விஷயம் கண்டிப்பானது. மருந்தை டேங்கில் மட்டும்தான் ஊற்ற வேண்டும், உள்ளே வரும் குழாயிலோ மெம்ப்ரேன் பக்கமோ போகக்கூடாது, போனால் மெம்ப்ரேன் முடிந்தது. டேங்கில் உப்புப் படிவம் இருந்தால் சிட்ரிக் அமிலம் கரைத்த தண்ணீரால் எடுக்கலாம், ஆனால் அதைத் தனியாக வேறொரு நாள் செய்யுங்கள், வினிகரோ சிட்ரிக் அமிலமோ ஹைப்போகுளோரைட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், மூடிய சமையலறையில் அது ஆபத்து. மூன்றாவது, டேங்க் ஸ்டீலாகவோ செம்பாகவோ இருந்தால், அல்லது டேங்குக்குள்ளேயே மினரல் கேட்ரிட்ஜ் இருந்தால் இந்த முறை வேண்டாம், மெஷினோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள்.

சரி, ஃபில்டர்கள். வெளியே தொங்கும் முதல் கேண்டில் பழுப்பாகிவிட்டால் மாற்றுங்கள், லாரி தண்ணீரும் போர் தண்ணீரும் வரும் வீட்டில் அது சில மாதத்திலேயே ஆகிவிடும். கழுவித் திரும்பப் போடாதீர்கள், மேலே உள்ள சேறு போகும், உள்ளே புதைந்தது போகாது. கேண்டில் இருக்கும் கிண்ணத்தையும் தேய்த்துக் கழுவி, அதன் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை வெறும் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். வாஸ்லின் தடவும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, சில ரப்பர் அதில் ஊதிப்போய் ஒழுகும். புது கார்பன் போட்டால் முதலில் கரித்தூள் வரும், அதனால் மெம்ப்ரேனுக்குப் போகும் குழாயைக் கழற்றி, கறுப்பு நிற்கும்வரை வாளியில் விட்டு, பிறகு இணையுங்கள்.

மெம்ப்ரேனைத் தேதி பார்த்து மாற்றச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ் 1000, மெம்ப்ரேனிலிருந்து வருவது 60 என்றால் உப்பில் 94 சதவீதத்தைத் தள்ளுகிறது, நல்ல நிலை. அதே 1000-க்கு 200 வந்தால் 80 சதவீதம், மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆனால் டேப்பில் பிடித்து அளக்காதீர்கள், டிடிஎஸ் கன்ட்ரோலர் இருக்கும் மெஷினில் மெம்ப்ரேனைத் தொடாத தண்ணீரும் அங்கே கலந்து வரும். மெம்ப்ரேனிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி, சில நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து அளந்து பாருங்கள். இந்த இரண்டு எண்ணையும் ஒவ்வொரு தடவையும் மெஷின் பக்கத்தில் ஒட்டிய தாளில் எழுதி வைத்தால் சர்வீஸ்காரரோடு வாக்குவாதமே வராது. மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அது உங்கள் உரிமை.

யூவி விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடாதீர்கள். நீல ஒளி தெரிந்தாலும் கிருமியைக் கொல்லும் திறன் குறைந்துகொண்டே வரும், வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. எரியும்போது வெறும் கண்ணால் பார்க்கக்கூடாது, குழந்தைகள் இருக்கும்போது கவரைத் திறந்து வைக்காதீர்கள்.

பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ ஒரு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் வால்வை மூடி, பிளக்கைப் பிடுங்கி, டேங்கைக் காலி செய்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்த அன்று முதல் டேங்கைக் கொட்டிவிட்டு இரண்டாவதிலிருந்து குடியுங்கள். கைக்குழந்தை வீட்டில் இருந்தால் அந்தத் தண்ணீரையும் கொதிக்க வைத்து ஆற்றித்தான் கொடுக்க வேண்டும்.