விண்டோஸில் அழிய மறுக்கும் கோப்பை அழிப்பது எப்படி?

டெலிட் கொடுத்ததும் ஒரு பெட்டி வந்து தடுக்கிறதா? அதில் இருப்பதை முதலில் முழுதாகப் படியுங்கள். கோப்பு வேறொரு புரோகிராமில் திறந்திருக்கிறது என்றால் ஒரு வழி, அனுமதி வேண்டும் என்றால் முற்றிலும் வேறு வழி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு செக்யூரிட்டி அமைப்புகளைக் கிண்டாதீர்கள்.

பெரும்பாலும் வருவது முதல் வகைதான். பெட்டியில் பெயர் சொல்லியிருக்கும் மென்பொருளை மூடிப் பாருங்கள். பெயரே இல்லையென்றால் ஸ்டார்ட் மெனுவில் ரிசோர்ஸ் மானிட்டரைத் தேடித் திறந்து, சிபியு டேபுக்குப் போங்கள். அங்கே அசோசியேட்டட் ஹேண்டில்ஸ் என்ற பட்டையின் வலது ஓரத்தில் ஒரு தேடல் கட்டம் இருக்கும். கோப்புப் பெயரில் ஒரு பகுதியை அடித்தாலே போதும். கோப்பைப் பிடித்து வைத்திருக்கும் புராசஸின் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின்) பெயர் சில நொடிகளில் கீழே வந்துவிடும்.

என்னை நெடுநேரம் இழுத்தடித்தது இதற்கு அடுத்த கட்டம். வந்த பெயர் வேறெதுவும் இல்லை, எக்ஸ்ப்ளோரர்! நாம் கோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே ஜன்னல்தான் அதைப் பிடித்திருந்தது. வீடியோ, பிடிஎஃப் போன்றவற்றுக்கு முன்னோட்டமும் சிறுபடமும் காட்ட விண்டோஸ் அந்தக் கோப்பைத் திறக்கிறது. சில சமயம் திறந்தபடியே விட்டுவிடும். அப்போது 'காம் சரகேட்' என்ற பெயரும் பட்டியலில் தென்படலாம்; சிறுபடம் போன்ற வேலைகளுக்கு விண்டோஸ் வைத்திருக்கும் துணைப் புராசஸ் அது. ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தி முன்னோட்டப் பலகையை மூடுங்கள். அப்புறம் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு கணம் மறைந்து திரும்பி வரும், பயப்பட வேண்டாம். இப்போது அழித்துப் பாருங்கள்.

வேறு புராசஸ் என்றால் அதை நிறுத்தலாம். ஆனால் அதில் சேமிக்காத வேலை இருந்தால் போய்விடும்.

இதற்கென்று தனிக் கருவி வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் கருவித் தொகுப்பான பவர்டாய்ஸில் உள்ள ஃபைல் லாக்ஸ்மித்தையே சொல்வேன். இலவசம், வலது கிளிக்கிலேயே வேலை முடிந்துவிடும். ஊர் பேர் தெரியாத தளங்களில் கிடைக்கும் 'அன்லாக்கர்'களைத் தொடவே தொடாதீர்கள்.

அனுமதிச் சிக்கல் என்றால் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போய் உரிமையாளரை உங்கள் கணக்குக்கு மாற்றிவிட்டு, அதே இடத்தில் ஃபுல் கன்ட்ரோலும் கொடுக்க வேண்டும். உரிமையாளர் பெயர் டிரஸ்டட் இன்ஸ்டாலர் என்றிருந்தால் அது விண்டோஸுக்குச் சொந்தமான கோப்பு, விட்டுவிடுங்கள்.

எதுவும் பலிக்கவில்லையா? ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக சேஃப் மோடுக்கு (அவசியமானவை மட்டும் ஓடும் நிலைக்கு) போய் அழித்துப் பாருங்கள். வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெகவரி கீயை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: கோப்பு அழிந்தும் ஃபோல்டர் மட்டும் அழியவில்லை என்று சிலர் கேட்டார்கள். அந்த ஃபோல்டருக்குள் ஒரு டெர்மினல் (கட்டளைகளை அடிக்கும்) ஜன்னல் திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள், அது ஒன்றே போதும் தடுக்க. பிடித்திருப்பது 'சிஸ்டம்' என்று வந்தால், நெட்வொர்க்கில் பகிர்ந்த கோப்பை வேறொரு கணினி திறந்திருக்கலாம். கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்ட் ஃபோல்டர்ஸ், அதற்குள் ஓப்பன் ஃபைல்ஸ் பட்டியலில் அதைக் கண்டுபிடித்து மூடிவிடலாம்.