முண்டுக் கட்டையில் கரண்டி: எங்கே கெட்டுப்போகிறது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், பலா மரங்களில் சில சமயம் குடம் மாதிரி ஒரு முண்டு புடைத்திருக்கும். அறுத்தால் நார் நேராக ஓடாமல் சுழன்று சுழன்று கிடக்கும். அந்த அழகுக்கு ஆசைப்பட்டுத்தான் பலரும் உளியை எடுக்கிறார்கள். ஆனால் பாதிக் கரண்டிகள் உளி படுவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், எப்போதும் ஈரக்காற்று. சேலம் 300 மீட்டருக்கும் கீழே. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த பச்சைக் கட்டையைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் போட்டால் என்ன ஆகும்? மேல்பக்கம் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், கட்டை வெடிக்கும். பச்சையிலேயே தோராயமாகக் கரண்டி உருவம் வெட்டி, கிண்ணத்தின் சுவரை ஒரு விரல் கனத்துக்கு விட்டுவிடுங்கள். அப்புறம் அதன் சீவல்களோடு காகிதப் பையில் போட்டு நிழலில் வையுங்கள். பாலித்தீன் பை வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். வாரம் ஒருமுறை தராசில் வைத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

முண்டில் நாரின் திசை ஓர் அங்குலத்துக்குள்ளேயே மாறும். உளியை ஆழமாக ஓட்டினால் சில்லு பிய்ந்து பள்ளம் விழும். நன்றாகத் தீட்டிய குழி உளியால் மெல்லிசாகச் சீவுங்கள். பிய்க்கத் தொடங்கினால் அரத்துக்கு மாறிவிடுங்கள். அதேபோல, நீள நார் இல்லாத கைப்பிடியை ஒல்லியாக்கினால் ஒடியும். களி கிண்ட இந்தக் கரண்டி ஆகாது, அதற்கு நேர் நார் மரம்தான் சரி. முண்டுக் கரண்டி குட்டையாக, தடிமனாக, பரிமாறுவதற்கு இருக்கட்டும். பட்டை புகுந்த ஓட்டைகள் கிண்ணத்துக்குள் வராதபடி பார்த்து வெட்டுங்கள். அவற்றைப் பசை ஊற்றி அடைத்துச் சாப்பாட்டுக்குக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

உப்புத்தாளில் 80-ஆம் எண்ணிலிருந்து (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) நேரே 320-க்குத் தாவாதீர்கள். நடுவில் 120, 180, 240 போகாவிட்டால், எண்ணெய் பட்டதும் கீறல்கள் பளிச்சென்று தெரியும். கடைசியில் ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் எழும்பும் நாரை மறுபடி தேய்த்துவிடுங்கள். சில்வர் ஓக் தூள் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் தரும். முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். எந்த மரம் என்றே தெரியாத கட்டையைத் தொடவே வேண்டாம், எட்டி மாதிரி விஷ மரங்களும் உண்டு. உயிர் மரத்தில் முண்டை அறுத்தால் அந்தக் காயம் வழியாக மரம் அழுகும். எனவே தோட்டத்தில் விழுந்த, வெட்டிய மரமாகக் கேட்டு வாங்குங்கள்.

பெயின்ட் கடையில் விற்கும் 'பாயில்டு' லின்சீட் எண்ணெயில் சீக்கிரம் உலர உலோக உப்புகள் கலந்திருக்கலாம். கரண்டிக்குச் சமையலுக்கான சுத்தமான ஆளிவிதை எண்ணெயைப் பூசுங்கள். அது உலரச் சில வாரங்கள் ஆகும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, தானே சூடாகித் தீப்பிடிக்கும். வெளியே கொடியில் விரித்துக் காயப்போட்டுவிடுங்கள்.