பயிற்சி வகுப்பை வடிவமைப்பது எப்படி? ஒரு சுங்குடிப் புள்ளியை வைத்து ஐந்து கட்டங்கள்

"எங்கள் ஆட்களுக்கு ஐந்து நாள் பயிற்சி வேண்டும், பாடம் தயாரித்துக் கொடுங்கள்" என்று ஒருவர் உங்களிடம் கேட்கிறார். அன்று இரவே மடிக்கணினியைத் திறந்து பவர்பாயின்ட்டில் முதல் பக்கத்தை எழுத உட்கார்ந்தால், அந்த வேலை நடுவழியில் சிக்கிக்கொள்ளும். பக்கம் தயாரிப்பது மூன்றாவது கட்டம். முதல் இரண்டு கட்டங்களைத் தாண்டிக் குதித்தவர்கள், கடைசி வாரத்தில் தூக்கமில்லாமல் எல்லாவற்றையும் திருத்தி எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லப்போகும் முறைக்கு 'ஆடி' (ADDIE) என்று பெயர். ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், நடத்துதல், மதிப்பீடு ஆகிய ஐந்துக்கும் உரிய ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்த பெயர் அது. 1975இல் அமெரிக்க ராணுவத்துக்காக ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதன் மூல வடிவம் உருவானது. ராணுவத்துக்குப் பொருந்தியது மதுரைக்குப் பொருந்துமா என்று கேட்பவர்களுக்காக, உள்ளூர் வேலை ஒன்றையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்த பின் கட்டை அவிழ்த்தால், கட்டிய இடம் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறைகளாகக் காத்துவந்த கைவேலை. அச்சுப் புடவைகள் மலிவாக வந்த பிறகு கையால் கட்டுபவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால்தான் மதுரையை அடுத்த ஓர் ஊரில், சுய உதவிக் குழுப் பெண்கள் இருபது பேருக்கு இதைக் கற்றுத்தரப் பாடம் கேட்டு, அந்தக் குழுவை நடத்துபவர்கள் வந்தார்கள்.

முதல் கட்டம்: ஆய்வு

அவர்கள் சொன்ன குறை இதுதான்: "புள்ளிக்குள் சாயம் இறங்கிவிடுகிறது. பெண்களுக்குக் கட்டத் தெரியவில்லை." நான் எதையும் எழுதாமல் இரண்டு நாள் அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதல் நாளே ஒன்று தெரிந்தது. முழுக் கூடத்துக்கும் ஒரே ஒரு டியூப் லைட். மாலை ஐந்து மணிக்கு மேல் துணியில் போட்ட குறியே கண்ணுக்குத் தெரியவில்லை. குறி தப்பிய கட்டுகள் பெரும்பாலும் அந்த நேரத்தில் போட்டவை. இதற்குப் பாடம் தேவையில்லை, இன்னும் இரண்டு விளக்குகள் போதும். ஆய்வில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இந்தக் குறை பயிற்சியால் தீருமா? வெளிச்சம், கருவி, மூலப்பொருள், கூலி ஆகியவற்றால் வரும் குறையை எந்த வகுப்பும் தீர்க்காது. அதைக் கேட்டவரிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். உங்கள் வேலையின் அளவு கொஞ்சம் குறையும், ஆனால் உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

இரண்டாம் நாள், ஐம்பது வருடமாகக் கட்டிவரும் ஒரு பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒரு புள்ளிக்கு எத்தனை சுற்று, அம்மா?" என்று கேட்டேன். "மூன்று சுற்று தம்பி, அவ்வளவுதான்" என்றார். அவர் கையைக் கைபேசியில் படமெடுத்து, மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். மூன்று சுற்று சரியாக இருந்தது. அதற்குப் பிறகு, முன்பு சுற்றிய நூலின் மேலேயே நெருக்கமாக இன்னும் இரண்டு சுற்று. கடைசியில் சுண்டுவிரலால் நூலைச் சின்னதாக ஒரு வெட்டு இழுப்பு. காட்டியபோது அவரே வியந்தார்: "நான் இப்படியா செய்கிறேன்?"

புதிதாகக் கற்ற பெண்கள் அவர் சொன்னபடியே மூன்று சுற்றோடு நிறுத்தியிருந்தார்கள். சாயம் புகுந்த வழி அதுதான். நன்றாக வேலை தெரிந்தவரின் கைக்குத் தெரிந்ததில் பாதிதான் வாய்க்கு வரும். அதனால் கேட்டு எழுதியதோடு நிறுத்தாமல், பார்த்தும் எழுதுங்கள்.

இந்தக் கட்டத்தின் முடிவில் இரண்டு பக்க அறிக்கை போதும். கற்பவர் யார், அவர்களுக்கு இப்போது என்ன தெரியும், எந்த வேலையில் எந்த இடத்தில் தவறுகிறார்கள், எவையெல்லாம் பயிற்சியில் சேராது. அதில் ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்திடுபவர் ஒரே ஒருவராக இருக்கட்டும். அவர் யார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேறொரு வேலையில், எல்லாம் முடிந்த பிறகு அதுவரை கண்ணில் படாத மேலதிகாரி ஒருவர் வந்து "நான் நினைத்தது இது இல்லை" என்றார். ஆறு வார உழைப்பு வீணானது.

இரண்டாம் கட்டம்: வடிவமைப்பு

இங்கே முதலில் எழுத வேண்டியது குறிக்கோள். "புள்ளி கட்டும் முறையைப் புரிந்துகொள்வார்கள்" என்பது குறிக்கோள் ஆகாது. புரிந்ததா என்று எதை வைத்துப் பார்ப்பது? என்ன செய்வார், எந்த நிலையில் செய்வார், எந்த அளவுக்குச் செய்தால் போதும் என்ற மூன்றும் குறிக்கோளில் இருக்க வேண்டும். நான் எழுதியது இப்படி:

"குறி போட்ட பருத்தித் துணியும் நூலும் கொடுத்தால், யார் உதவியும் இல்லாமல் 40 புள்ளிகள் கட்டுவார். சாயமேற்றி அவிழ்த்தபின் அவற்றில் குறைந்தது 36 சாயம் புகாமல் வெள்ளையாக இருக்கும்."

அடுத்தது தேர்வு. பாடத்துக்கு முன்னால் தேர்வா என்று புதியவர்கள் திகைப்பார்கள். குறிக்கோளை நேராகச் சோதிக்கும் தேர்வை முதலில் எழுதிவிட்டால், எந்தப் பாடம் வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகத் தெளிந்துவிடும். சுங்குடியின் வரலாறு பற்றி அரை நாள் வகுப்பு வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எனக்கும் அந்த வரலாற்றின் மேல் பிரியம் உண்டு. ஆனால் அந்த 36 புள்ளிகளுக்கு அது உதவாது. இருபது நிமிடமாகக் குறைத்தேன்.

ஐந்து நாள் தொடர் வகுப்பையும் மாற்றினேன். விரல் பழகுவதற்கு இடைவெளி வேண்டும். மூன்று நாள் வகுப்பு, இரண்டு வாரம் வீட்டில் பழகுதல், மறுபடி ஒரு நாள். இதற்கும் கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த கட்டம்.

கட்டணத்தையும் கட்டங்களோடு பிணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கையெழுத்தின்போதும் ஒரு பகுதி. நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்க்கச் சொன்னால் மறுக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டத்தைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும், எத்தனை நாள் கூடும் என்று எழுதிக் கொடுங்கள். முடிவை அவர்கள் எடுக்கட்டும்.

மூன்றாம் கட்டம்: உருவாக்கம்

எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் தயாரிக்காதீர்கள். ஒரு மணி நேரத்துக்கான பாடத்தை மட்டும் முழுமையாக முடித்துக் காட்டுங்கள். எழுத்தின் அளவு, படம், மொழி நடை எல்லாவற்றுக்கும் அதிலேயே ஒப்புதல் கிடைத்துவிடும். நான் பெரியம்மாவின் கையை ஏழு படங்களாக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி எழுதினேன். நான்காவது சுற்றும் ஐந்தாவது சுற்றும் தனித்தனிப் படங்கள்.

திருத்தம் இரண்டு முறைதான் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆளுக்கொரு வாட்ஸ்அப் செய்தியாக வரும் கருத்துகளை ஏற்காதீர்கள், ஒரே தாளில் தொகுத்துத் தரச் சொல்லுங்கள். கோப்பின் பெயரில் தேதியைச் சேருங்கள்.

நான்காம் கட்டம்: நடத்துதல்

நான்கைந்து பேரை வைத்து ஒரு வெள்ளோட்டம் பாருங்கள். பயிற்சி தருபவருக்கு நேரக் குறிப்போடு ஒரு கையேடு கொடுங்கள்.

நாள் குறிப்பதில் மட்டும் கவனம் தேவை. சித்திரை பௌர்ணமியில் அழகர் வைகையில் இறங்கும் வாரத்தில் மதுரைப் பக்கம் வகுப்பு வைத்தால் யாரும் வரமாட்டார்கள். பொங்கலன்று அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, அதற்கும் அடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நடக்கும் நாள்களிலும் அப்படித்தான். முகூர்த்த நாள்களையும் நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் கட்டம்: மதிப்பீடு

1959இல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் மதிப்பீட்டை நான்கு படிகளாகப் பிரித்தார்: வகுப்பு பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, அதனால் நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. பெரும்பாலோர் முதல் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். கடைசி நாள் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கும் கருத்துத் தாளில் எல்லாரும் 'மிக நன்று' என்றுதான் எழுதுவார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மூன்றாம் படிக்காக ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போக வேண்டும். அந்தப் பயணத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. நான் போனபோது ஒவ்வொருவரின் துணியிலும் 40 புள்ளிகளை அவிழ்த்து எண்ணினோம். பதினான்கு பேர் 36ஐத் தாண்டியிருந்தார்கள். மீதி ஆறு பேரில் நான்கு பேர் இடதுகைப் பழக்கம் உள்ளவர்கள். என் ஏழு படங்களும் வலது கையில் எடுத்தவை. அடுத்த அணிக்கு முன்னால் அந்த ஏழையும் இடது கையில் எடுத்துச் சேர்த்தோம், ஆய்வு அறிக்கைப் படிவத்தில் 'எந்தக் கைப் பழக்கம்?' என்ற கேள்வியும் ஏறியது.