மழைக்காலத்தில் மாடு வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், எங்கள் குளுவாங் பக்கம் தீபாவளி முடிந்த கையோடு வானம் கறுத்துவிடும். நவம்பரில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை மார்ச் வரை விட்டுவிட்டுப் பெய்யும். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தை ஒட்டி நான் 15 மாடுகள் வைத்திருக்கிறேன். பெரும்பாலும் கெடா-கிளந்தான் இனம், சில பிராமன் கலப்பு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு விற்பதுதான் கணக்கு. இப்போதெல்லாம் அது மே, ஜூனில் வருகிறது. டிசம்பரில் விலா எலும்பு தெரிய இளைத்த மாட்டை அதற்குள் தேற்றிவிடலாம் என்று நினைத்து நானே கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

நம் ஆட்கள் முதலில் பயப்படுவது குளிருக்கு. பனி நாட்டு மாட்டுப் பண்ணைகளை யூடியூபில் பார்த்து வந்த பயம் அது. அங்கே சொல்லும் கணக்கு என்ன தெரியுமா? அடர்ந்த குளிர்கால ரோமம் உலர்ந்திருந்தால் மாடு சுழியத்துக்குக் கீழே 7, 8 டிகிரி வரை தாங்கும். அதே மாடு நனைந்துவிட்டால் 15 டிகிரியிலேயே உடம்புச் சூட்டைக் காக்கக் கூடுதல் தீனி வேண்டும். அவர்களுக்கே குளிரைவிட ஈரம்தான் பெரிய எதிரி. நம் ஊரில் அடைமழை இரவிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். பிறந்த கன்றையும் மெலிந்த மாட்டையும் உலர்ந்த இடத்தில் வைத்தாக வேண்டும், சரி. வளர்ந்த மாட்டுக்காகக் கொட்டகையை நாலு பக்கமும் கேன்வஸ் கட்டி மூடி, உள்ளே மூட்டமும் போடுவது வீண் வேலை. மூத்திர நெடியும் புகையும் சேர்ந்து நுரையீரலைத்தான் கெடுக்கும். மாட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், கண் எரிகிறதா என்று. சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும். மூட்டத்தை வெளியே போடுங்கள்.

என் பெரிய தவறு சேறு. ஒரு டிசம்பரில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக் கணுக்கால் மூழ்கச் சேறு. மழை விட்டால் காயும் என்று விட்டுவிட்டேன். ஒரு காளை பின்னங்காலை ஊன்றாமல் நின்றது. முள் குத்தியிருக்கும் என்று இரண்டு நாள் மஞ்சளும் எண்ணெயும் தடவினேன். மூன்றாம் நாள் காலைத் தூக்கிக் கழுவிப் பார்த்தால், குளம்புகளுக்கு நடுவே தோல் வெளுத்து ஊறிப் பிளந்திருந்தது. கிட்டப் போக முடியாத நாற்றம், செத்த எலி மாதிரி. குளம்பழுகல். ஈரத்தில் ஊறிய தோலைக் கல்லோ செம்பனை மட்டை முள்ளோ கீறினால் போதும், சாணிச் சேற்றில் இருக்கும் கிருமி உள்ளே போய்விடும். அது மஞ்சளுக்கு அடங்காது. ஊசிதான். முதல் நாளே போட்டிருந்தால் சீக்கிரம் ஆறியிருக்கும். என் காளை நொண்டிக்கொண்டு மேயாமல் கிடந்ததில் உடம்பு பாதியாகிவிட்டது. ஊசி போட்ட மாட்டை மருந்துப் புட்டியில் போட்டிருக்கும் நாள் கழியும்வரை அறுப்புக்கு விற்கக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள்.

அதற்குப் பிறகு தொட்டியைச் சுற்றிச் சரளைக்கல் கொட்டிவிட்டேன். வாசலில் மாடு கால் நனைத்துப் போக மருந்துத் தண்ணீர்: 100 லிட்டருக்கு 5 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). காலைக் கழுவாமல் சேற்றோடு இறக்கினால் மருந்து செத்துவிடும். மாடு அதைக் குடிக்க விடாதீர்கள். பாரிட்டில், அதாவது வடிகாலில், கொட்டினால் மீன் மிதக்கும்.

பச்சைப்பசேலென்ற புல்லைப் பார்த்து ஏமாறுவது அடுத்தது. 250 கிலோ மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 கிலோ உலர்பொருள், அதாவது தண்ணீர் நீங்கலான தீனி, வேண்டும். மழையில் கிளம்பிய இளம்புல்லில் 100க்கு 85 பங்கு தண்ணீர் என்று வைத்தால், 6 கிலோ கிடைக்க 40 கிலோ புல் தின்றாக வேண்டும். மழைக்கு ஒதுங்கி ஒதுங்கி நிற்கும் மாடு எங்கே அவ்வளவு மேயும்? வயிறு உப்பலாகத் தெரியும், முதுகெலும்பு மேலே வரும். மாலையில் உலர்ந்த புல்லும் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கும் வையுங்கள். புண்ணாக்கு மூட்டையைச் சிமெண்டுத் தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள். கையில் அள்ளினால் கட்டி கட்டியாக வந்து பூஞ்சை வாடை அடித்தால், காசு போனாலும் பரவாயில்லை, கொட்டிவிடுங்கள். (செம்மறி வைத்திருப்பவர்கள் இந்தப் புண்ணாக்கையே முழுத் தீனியாக்க வேண்டாம். அதிலுள்ள தாமிரத்தை மாடு தாங்கும், செம்மறி தாங்காது.)

விடிந்ததும் அவிழ்த்துவிடுவது பழைய பழக்கம். ஈரம் இருக்கும்போது புழுக்குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறி நிற்கும். வெயில் கொஞ்சம் ஏறியபின் விடுங்கள். தாடைக்குக் கீழே பை மாதிரி வீங்கினால் குடற்புழுவையோ ஈரல் புழுவையோ சந்தேகப்படலாம். மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் கொடுங்கள், மிச்சம் பிடிக்காதீர்கள்.

தோட்டத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. உரம் போட்ட நாளில் மழை பிடித்துக்கொண்டால் வேலையாட்கள் மூட்டையை மர ஓரம் விட்டுவிட்டு ஒதுங்குவார்கள். கிழிந்த மூட்டையை நக்கினாலோ யூரியா கரைந்த குட்டையில் குடித்தாலோ, சில மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளி மாடு விழுந்துவிடும். எந்தக் காட்டில் உரம், எந்தக் காட்டில் களைமருந்து என்று மண்டோரிடம் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தடித்த பக்கம் குறைந்தது 2 வாரம் போகக் கூடாது.

தடுப்பூசியை மழை வந்தபின் தேடுவதும் உண்டு. தொண்டை அடைப்பான், மலாயில் ஹாவார் பெர்டாரா, ஈர மாதங்களில்தான் அதிகம் தாக்கும். தொண்டை வீங்கி, மூச்சு முட்டி, ஒரே நாளில்கூட மாடு போய்விடும். ஊசியின் பலன் உடம்பில் ஏறச் சில வாரம் ஆகும். ஆகவே செப்டம்பர், அக்டோபரிலேயே கால்நடை இலாகாவில் கேளுங்கள். 2021இல் இந்நாட்டுக்குள் வந்த தோல் கழலை நோய்க்கும் அப்போதே கேட்டு வைக்கலாம். கடிக்கும் ஈயும் கொசுவும் அதைப் பரப்புகின்றன.

2006 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் ஜோகூரை மூழ்கடித்த வெள்ளம் எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மாடு நன்றாக நீந்தும், கட்டிக் கிடந்தால் எப்படி நீந்தும்? ஆற்றோரக் கொட்டகை என்றால் மழை இரவில் மேட்டுக்கு ஓட்டிவிடுங்கள். முடியாவிட்டால் கயிற்றையாவது அவிழ்த்துவிடுங்கள்.

இத்தனைக்கும் நடுவே ஜனவரியில் மாட்டுப் பொங்கல். பிரியத்தில் ஒரு பானைச் சர்க்கரைப் பொங்கலையும் ஒரே மாட்டுக்கு ஊட்டிவிடுகிறோம். அவ்வளவு அரிசியும் வெல்லமும் இறங்கினால் இரைப்பை புளித்து, மறுநாள் மாடு அசை போடாமல் படுத்துவிடும். வாழையிலையில் ஒரு கைப்பிடி வைத்து, பொட்டு வைத்து, மிச்சத்தை நாமே சாப்பிட்டுவிடலாம்.