மேட்டு வீட்டு வண்டிப்பாதை: கல் பதிக்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம், திருவட்டாறு பக்கமெல்லாம் ரோடு பள்ளத்திலும் வீடு மேட்டிலும் இருப்பதுதான் வழக்கம். கேட்டிலிருந்து போர்ட்டிகோ வரை இன்டர்லாக் கல் போட்ட புதிதில் பார்க்க அழகாகவே இருக்கும். இரண்டு மழை கழிந்ததும் சக்கரம் ஓடும் இடம் குழிந்து, ஓரக்கல் சாய்ந்து, கேட்டருகே மணல் வந்து குவிந்து கிடக்கும். உடனே கல் கம்பெனியைத் திட்டுவார்கள். கல்லைப் பெயர்த்துப் பார்த்தால் கல் முழுசாக இருக்கும். கீழே இருந்த மண்தான் போயிருக்கும். பெரும்பாலான கோளாறுகள் ஜேசிபி நின்ற அந்த ஒன்றிரண்டு நாளில் நடந்தவை.

அளக்காமல் ஜேசிபியைக் கூப்பிடுவது

முதல் தவறு இது. வண்டி வாசலில் நின்று மணிக்கணக்கில் வாடகை ஓடும்போது யாரும் நிதானமாக யோசிப்பதில்லை. டிரைவர் கண் மட்டத்தில் வெட்டுவார், வீட்டுக்காரர் தலையாட்டுவார். ஆனால் இதற்கு முந்தின நாள் ஒரு மணி நேரமும் ஒரு டியூப் லெவலும் போதும்.

தெளிவான பிளாஸ்டிக் டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ரோட்டு ஓரத்திலிருந்து போர்ட்டிகோ வரை 2 மீட்டருக்கு ஒரு குற்றி (முளைக்குச்சி) அடித்து, ஒவ்வொன்றிலும் மட்டம் குறிக்க வேண்டும். அதன்பிறகு கணக்கு. ஒரு உதாரணம்: நீளம் 14 மீட்டர், ஏற்றம் 2.1 மீட்டர். வகுத்தால் 15 சதவீதம், அதாவது ஏறக்குறைய 7 அடிக்கு 1 அடி. காருக்கு 8 அடிக்கு 1 அடிதான் நிம்மதியான ஏற்றம். 'கொஞ்சம்தானே கூடுதல், சமாளிக்கலாம்' என்று விடுவது இங்கேதான்.

சமாளிக்க முடியாது, ஏனென்றால் வகுத்த கணக்கே தப்பு. சமதளமான ரோட்டிலிருந்து வண்டி சட்டென்று ஏற்றத்தில் ஏறினால் முன்பக்க பம்பர் தரையில் இடிக்கும்; மேலே முடியும் இடத்தில் வண்டியின் வயிறு தட்டும். அதனால் கீழேயும் மேலேயும் 2.5 மீட்டருக்குப் பாதிச் சரிவு மட்டுமே கொடுக்க வேண்டும். அந்த 5 மீட்டரில் ஏற்றம் பாதியாகக் குறைவதால் மிச்சத்தை நடுவிலுள்ள 9 மீட்டர் சுமக்கிறது. நடுப்பகுதி 18 சதவீதத்தைத் தாண்டி, ஐந்தரை அடிக்கு 1 அடியாகிவிடும். மழையில் பாசி பிடித்த கல்லில் அது ஏற்றமில்லை, சறுக்குமரம்.

வழி இரண்டு. பாதையைச் சற்றுச் சாய்த்துக் கொண்டுபோய் 17 மீட்டராக நீட்டினால் நடுச்சரிவு 14.5 சதவீதமாக இறங்கும். அதோடு வண்டி நிற்கும் இடத்தை 30 செ.மீ. தாழ்த்தினால் சரியாக 8-க்கு 1 கிடைக்கும். வீட்டுக்கு இரண்டு படி கூடும், அவ்வளவுதான். இதை முடிவு செய்யாமல் வெட்டத் தொடங்கினால் பின்னால் திருத்த இடமே இருக்காது.

கல்லின் கனத்தை மறப்பது

குற்றியில் குறித்தது கல்லின் மேல்மட்டம். மண்ணை வெட்ட வேண்டியது அதற்கு வெகு கீழே. 80 மி.மீ. கல், 30 மி.மீ. மணல், 150 மி.மீ. சல்லி அடுக்கு என்று கூட்டினால் 26 செ.மீ. வரும். இது நல்ல உறுதியான செம்மண், சரல் தரைக்கு. களி தட்டினால் இன்னும் 15 செ.மீ. ஆழம் போய், துணிபோன்ற ஜியோடெக்ஸ்டைல் விரித்து, கீழே ஒரு சல்லி அடுக்கு கூட்ட வேண்டும். காருக்கு 60 மி.மீ. கல் போதும் என்று ஐ.எஸ். 15658 என்ற இந்தியத் தரநிலையே சொல்கிறது. ஆனால் சரிவில் பிரேக் பிடிக்கும்போது கல்லைத் தள்ளும் விசை வேறு. டெம்போவும் சிமென்ட் லாரியும் ஏறும் வாசலுக்கு 80 மி.மீ. போடுவதே சரி.

ஆழம் போதாமல் போனால் கடைசியில் சல்லி அடுக்குதான் வெட்டுப்படும். 15 செ.மீ. இருக்க வேண்டியது 7 ஆகும். அல்லது மேல்மட்டம் ஏறி, போர்ட்டிகோ படிக்குள் தண்ணீர் புகும்.

17 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலப் பாதையில் சராசரி 26 செ.மீ. வெட்டினால் ஏறக்குறைய 470 கன அடி மண் வரும். வெட்டிய மண் உப்பி 600 கன அடிவரை, அதாவது 6 யூனிட் ஆகும். அதை எங்கே கொட்டுவது என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும். மண்ணை வெளியே ஏற்றிவிட அனுமதிச் சீட்டு வேண்டும். செம்மண்ணும் சிறுகனிமக் கணக்கில்தான் வருகிறது. சீட்டில்லாமல் போகும் வண்டி வழியில் பிடிபட்டால் அந்த வாரம் முழுக்க வேலை நிற்கும். மலையோரக் கிராமமாக இருந்தால் மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறதா என்று ஊராட்சியில் கேட்டுவிட்டே வெட்டுங்கள்.

மேல்மண்ணையும் மரத்தின் மூட்டையும் விட்டுவைப்பது

ரப்பர் விளையை (தோட்டத்தை) வெட்டி வீடு கட்டிய இடங்களில் இது தனிப் பிரச்சினை. மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, மூட்டின் (அடிக்கட்டையின்) மேல் மண் தள்ளி நிரவிவிடுகிறார்கள். சில வருடத்தில் மூடு உளுத்து, கறையான் தின்று, அடியில் பொந்து விழும். மேலே வட்டமாக ஒரு குழி தெரியும், சரியாகச் சக்கரத்தடியில். ரப்பர் மூடு, தென்னை மூடு எதுவானாலும் வேரோடு பறித்து, குழியைச் சல்லி கலந்து அடுக்கடுக்காக இடித்து நிரப்ப வேண்டும். பழைய உரக்குழி, கக்கூஸ் குழி இருந்த இடத்தைப் பற்றி வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். எந்தப் பட்டாவிலும் அது இருக்காது.

இலைமக்கு கலந்த கறுத்த மேல்மண் 15 முதல் 20 செ.மீ. வரை இருக்கும். அதை முழுக்க வழித்தெடுத்து ஒதுக்கி வையுங்கள். வாழைக்கும் மரச்சீனிக்கும் (மரவள்ளிக்கும்) அருமையான மண், பாதைக்கு அடியில் போட மட்டும் ஆகாது.

பாதி வெட்டு, பாதி நிரப்பு

எல்லாத் தவறிலும் செலவு கூடியது இது. சரிவுக்குக் குறுக்கே பாதை போகும்போது மேட்டுப் பக்கம் வெட்டி, அந்த மண்ணையே பள்ளப் பக்கம் தள்ளி அகலம் சேர்ப்பார்கள். பார்க்க மண்ணும் மிச்சம், டெம்போ வாடகையும் மிச்சம். ஆனால் தள்ளிய மண் பழைய சரிவின் மேல் ஒரு போர்வைபோல உட்கார்ந்திருக்கிறது. அடியில் வழவழப்பான புல்லும் மேல்மண்ணும். மழைத்தண்ணீர் இரண்டுக்கும் நடுவே இறங்கினால் போர்வை நழுவும். பாதையின் நடுவில் நீளவாக்கில் ஒரு விரிசல் ஓடினால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

பழைய சரிவு 4-க்கு 1-ஐவிடச் செங்குத்தாக இருந்தால் நிரப்பும் முன் அதில் படி வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம், உள்பக்கம் லேசாகத் தாழ்ந்து. புது மண் அந்தப் படியில் கால் ஊன்றி நிற்கும். நிரப்புவது கீழ்ப்படியிலிருந்து மேலே. ஒரு தடவைக்கு எவ்வளவு என்பது கையிலிருக்கும் இயந்திரத்தைப் பொறுத்தது. 90 கிலோ பிளேட் காம்பாக்டர் என்றால் 10 செ.மீ., ஒரு டன் சின்ன ரோலர் என்றால் 15 செ.மீ. ஒரு மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி மேலே ஜேசிபியை நாலு தடவை ஓட்டினால் மேல் ஒரு சாண் மட்டும்தான் இறுகும்.

ஈரமும் கணக்கு. மண்ணை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது, இடுப்புயரத்திலிருந்து போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டும். பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சப்பென்று அப்பிக்கொண்டால் வெயிலில் கிளறிக் காயவையுங்கள்.

முடித்ததும் சல்லி ஏற்றிய ஒரு டெம்போவை நடக்கும் வேகத்தில் ஏறி இறங்கச் சொல்லிச் சக்கரத்தின் பக்கத்திலேயே குனிந்து நின்று பாருங்கள். தடம் பதியலாம், ஆனால் சக்கரத்துக்கு முன்னால் தரை பாய்போல எழும்பி அமர்ந்தால் அந்த இடத்தைத் தோண்டி மாற்றாமல் மேலே போகக் கூடாது.

கூடுதலாக வெட்டிவிட்டுப் பொடிமண்ணால் மூடுவது

பல் வைத்த பக்கெட் கடைசியாகக் கிளறிய அடிமண் 10 செ.மீ. வரை இளகியே கிடக்கும். அதனால் கடைசி 10 செ.மீ.-ஐ மம்பட்டியாலோ பல்லில்லாத பக்கெட்டாலோ எடுக்கச் சொல்லுங்கள். தவறி ஆழமாக வெட்டிவிட்டால் வெட்டிய மண்ணையே திருப்பிப் போடாமல், அந்தக் குழியைச் சல்லிக் கலவையால் நிரப்புங்கள். மணலால் மேடுபள்ளம் சரிசெய்வது இன்னும் மோசம். மணல் ஓரிடத்தில் 2 செ.மீ., இன்னோரிடத்தில் 7 என்று கிடந்தால் தடித்த இடம் தாழும். கல்லும் அதோடு தாழும். இங்கே பலர் மணலுக்குப் பதில் பாறைப்பொடி போடுகிறார்கள். அதிலிருக்கும் மாவுப்பொடி தண்ணீரை வடியவிடாமல் பிடித்துவைத்து, சரிவில் சேறாகிக் கல்லிடுக்கு வழியே ஒழுகும். கழுவிய, பருமனான எம்-சாண்ட் போடுங்கள்.

வெட்டிய பக்கத்துச் சுவர்

காய்ந்த செம்மண் சுவர்போல நிற்கும். ஜனவரியில் இரண்டு மீட்டர் செங்குத்தாக வெட்டினாலும் அசையாது. அந்தத் தைரியத்தில் அப்படியே விட்டால் ஜூனில் இடிந்து பாதைமேல் கிடக்கும். மேலே கெட்டியான செம்பாறை, கீழே வெள்ளையும் மஞ்சளும் கலந்த வழுக்குக் களி தெரிந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். நனைந்த களி வழுகினால் மேலுள்ளதும் கூடவே வரும். மேலே அடுத்தவர் கையாலை (எல்லைச்சுவர்) இருந்தால், குறைந்தபட்சம் வெட்டும் ஆழத்தின் அளவாவது தள்ளி நின்று வெட்டுங்கள். கருங்கல் தடுப்புச்சுவர் கட்டினால் பின்னால் சல்லி நிரப்பி, ஒன்று ஒன்றரை மீட்டருக்கு ஒரு 75 மி.மீ. பைப்பைத் தண்ணீர் வடிய விட வேண்டும். துளையில்லாத சுவர் தாங்குவது மண்ணை மட்டுமில்லை, பின்னால் தேங்கும் தண்ணீரையும்தான்.

தண்ணீரை அதன் போக்கில் விடுவது

நம் ஊருக்கு இடவப்பாதியும் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. மண்வேலைக்குத் தோது ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரலில் கோடைமழை தொடங்கிவிடும். இந்த இடைவெளியை விட்டுவிட்டு, மே கடைசியில் 'மழைக்கு முன் முடித்துவிடலாம்' என்று தொடங்குகிற வேலை சேற்றில்தான் முடிகிறது.

மணிக்கு 50 மி.மீ. மழையில் 51 சதுர மீட்டர் பாதையில் மட்டும் ஒரு மணி நேரத்தில் 2,500 லிட்டருக்கு மேல் விழும். 100 சதுர மீட்டர் கூரைத் தண்ணீரையும் பாதையிலேயே திருப்பிவிட்டால் இன்னும் 5,000 லிட்டர். கூரைக்குழாயைத் தனியே மழைநீர்க் குழிக்குக் கொண்டுபோய்விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மேட்டு விளையிலிருந்து வரும் தண்ணீரைப் பாதைக்கு மேலேயே ஒரு சால் வெட்டித் திருப்ப வேண்டும்.

பாதைக்கும் குறுக்குச் சரிவு வேண்டும்: 40-க்கு 1, அதாவது 3 மீட்டர் அகலத்துக்கு 7.5 செ.மீ. வெட்டிய பக்கம் நோக்கித்தான் சாய வேண்டும். நிரப்பிய ஓரத்துக்குத் தண்ணீரை அனுப்பினால் அந்த ஓரம் கரைந்துவிடும். பலர் கல்லுக்கு மட்டும் இந்தச் சாய்வைக் கொடுத்துவிட்டு அடிமண்ணைத் தட்டையாக விடுகிறார்கள். கல்லிடுக்கில் இறங்கும் தண்ணீர் அங்கே தேங்கிச் சல்லியைச் சேறாக்கும். மேலே உள்ள சாய்வு அடிமண்ணிலும் அப்படியே இருக்க வேண்டும்.

கேட்டருகே குறுக்காக இரும்பு ஜாலி போட்ட சானல் வேண்டும். ரோட்டோர ஓடையை மண்ணடித்து மூடி வாசல் போடுவது எங்கும் பார்க்கும் காட்சி. ஓடையின் அளவுக்கேற்ற சிமென்ட் குழாய், குறைந்தது 300 மி.மீ. விட்டம், போட்டுத்தான் மேலே வாசல் அமைக்க வேண்டும். அதைவிடச் சின்னக் குழாய் ஒரே மழையில் தென்னங்கொதும்பால் அடைபடும். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மம்பட்டியோடு வருவார்.

பாதையின் அடிமுனையில், கல்வரிசை கீழே நழுவாமல் இருக்க, 20 செ.மீ. அகலம் 30 செ.மீ. ஆழத்தில் கான்கிரீட் தடுப்பு வேண்டும். மண் வெட்டும்போதே அதற்கான கிடங்கைத் தோண்டிவிடுங்கள். பிறகு தோண்டினால் இடித்து இறுக்கிய தரை குலையும். கல் பதிப்பது அந்தத் தடுப்பிலிருந்து மேல்நோக்கி.

சல்லி இறக்கும் முன் ஒரு சோதனை: மேலேயிருந்து ஓஸைத் திறந்துவிட்டு, வெட்டி இறுக்கிய வெறும் மண்ணில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். நடுவில் ஓடினால் குறுக்குச் சாய்வு போதாது. எங்காவது தேங்கினால் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அந்த இடத்தை மறுநாள் ஈரம் காய்ந்ததும் திருத்துங்கள்.