துருப்பிடித்த பழைய உளியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவது எப்படி?

காயலான் கடைகளில் மர உளிகள் துருவேறிய நிலையில் எடைக்குக் கிடைக்கும். அவற்றில் பல நல்ல கரிம எஃகால் செய்யப்பட்டவை என்பதால், அவற்றை மீட்டெடுப்பது பெரும்பாலும் பயனுள்ள வேலைதான். துருவை நீக்குவது இதில் எளிய பகுதி. எந்த இடத்துத் துரு கெடுதல் செய்யும், எந்த இடத்துத் துருவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்று அறிந்துகொள்வதே முக்கியம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

உளியின் கூர்முனை என்பது சரிவாகத் தீட்டப்பட்ட முகமும் தட்டையான பின்புறமும் சந்திக்கும் கோடு. சரிவு முகம் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் புதிதாகிவிடும், பின்புறம் அப்படியல்ல. ஆகவே பின்புறத்தில், முனையை ஒட்டிய ஓர் அங்குல நீளத்துக்குள் துரு ஆழமான குழிகளைத் தோண்டியிருந்தால், தேய்மானத்தில் முனை அந்தக் குழிகளை எட்டும்போது கூர்மைக்கோடு விட்டுவிட்டுத்தான் அமையும். அத்தகைய உளியை வாங்காமல் விடுவதே நல்லது. மேற்புறத்திலும் பக்கங்களிலும் எத்தனை குழிகள் இருந்தாலும் மரவேலைக்கு அவற்றால் இடையூறு இல்லை.

துரு நீக்குதல்

உதிரும் துருவை முதலில் கம்பி பிரஷால் தேய்த்து எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் கழுவிவிடுங்கள்; பிசுக்கு இருக்கும் இடத்தில் அமிலம் வேலை செய்யாது. பிறகு ஒரு லிட்டர் நீரில் சுமார் 50 கிராம் சிட்ரிக் அமிலத் தூளை, அதாவது எலுமிச்சை உப்பைக் கரைத்து, உயரமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் உளியை நிறுத்தி வையுங்கள். கைப்பிடி நனையக் கூடாது. நீர்மட்டம் நிற்கும் இடத்தில் இரும்பு சற்று அரிக்கப்பட்டுக் கோடு விழும் என்பதால், அந்த மட்டம் கழுத்துப் பகுதியில் அமையும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் மெதுவாக.

மணிக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். துரு போன பிறகும் அமிலம் ஓய்ந்திருக்காது. சுத்தமான இரும்பையே கரைக்கத் தொடங்கும், அப்போது வெளிப்படும் ஹைட்ரஜன் கடினமான எஃகை நொறுங்கும் தன்மையுள்ளதாக்கவும் கூடும். எனவே மறந்துபோய் நாள்கணக்கில் ஊறவிடக் கூடாது. கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் மின்பகுப்பு முறையைப் பலர் பரிந்துரைப்பார்கள். ஓர் உளிக்கு அது தேவையற்றது என்பது என் கருத்து. அதைச் செய்தே பார்க்க விரும்புவோர் நேர்மின்வாயாக, அதாவது மின்சாரத்தின் நேர்முனையோடு இணைக்கும் உலோகத் துண்டாக, எவர்சில்வரைப் பயன்படுத்தவே கூடாது, ஏனெனில் அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் இறங்கும்.

வெளியே எடுத்தவுடன் ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து அதில் உளியை முக்கி எடுங்கள். எஞ்சிய அமிலம் அடங்கிவிடும். பின்னர் நல்ல நீரில் அலசி, தாமதமின்றித் துடைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் சில நிமிடங்களிலேயே செம்பழுப்புப் படலம் மீண்டும் படியும்.

மேற்புறக் குழிகளில் தங்கிவிடும் துருவுக்குக் கடுக்காய் உதவும். உடைத்த கடுக்காயை நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டிய கஷாயத்தைக் குழிகளில் தடவினால், அதிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு வினைபுரிந்து கருநிறப் படலமாகிறது. கலம்காரித் துணிகளின் கறுப்பு நிறமும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து உண்டாவதுதான். பின்புறத்தில் இதைத் தடவ வேண்டியதில்லை, அது எப்படியும் தேய்க்கப்படும்.

பின்புறத்தைச் சமன் செய்து தீட்டுதல்

பொறுமை தேவைப்படும் இடம் இதுவே. தடித்த கண்ணாடித் துண்டின் மீது 120 எண் உப்புத்தாளை ஒட்டி, உளியின் பின்புறத்தைத் தட்டையாக அழுத்தித் தேயுங்கள். முழு நீளத்தையும் பளபளப்பாக்கத் தொடக்கக்காரர்கள் மெனக்கெடுவார்கள். முனையிலிருந்து ஓர் அங்குலம் வரை சீரான கீறல்கள் தெரிந்தாலே போதும். பின்னர் 220, 400, 800, 1000 என நயமான தாள்களுக்கு மாறுங்கள்.

சரிவு முகத்தை ஏறத்தாழ 25 பாகைக் கோணத்தில் தீட்டுங்கள். தீட்டும்போது பின்புறத்தில் மெல்லிய பிசிறு எழும். அது முனை முழுவதிலும் விரலுக்குத் தட்டுப்பட்டால் தாளை மாற்றலாம். மின்சாரச் சாணையைப் பயன்படுத்துபவர்கள் உளியை அடிக்கடி தண்ணீரில் நனைக்க வேண்டும். முனை நீலமாக மாறினால் வெப்பம் 300 டிகிரி செல்சியஸை நெருங்கிவிட்டது என்றும், அந்தப் பகுதி மென்மையாகிவிட்டது என்றும் பொருள்; நீலம் ஏறிய பகுதி முழுவதையும் தேய்த்தெடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. கடைசியில் பிசிறைப் பின்புறம், சரிவு முகம் என மாற்றி மாற்றி மெல்லத் தேய்த்து நீக்குங்கள். மென்மரத் துண்டின் வெட்டுமுகத்தில் சீவிப் பார்க்கும்போது இழைகள் நசுங்காமல் வழுவழுப்பாக வெட்டுப்பட்டால் கூர் சரியாக இருக்கிறது.

பிடியும் பாதுகாப்பும்

பிடியின் தலை பிளக்காமல் காக்கும் இரும்புப் பூண் ஆடினால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிடிக்கு ஆளி விதை எண்ணெய் பூசலாம். பூசிய துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்து உலர்த்த வேண்டும், ஏனெனில் அந்த எண்ணெய் உலரும்போது வெளிவிடும் வெப்பத்தால் சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கக்கூடும். இரும்புப் பகுதிக்குத் தையல் மெஷின் எண்ணெயை மெல்லியதாகத் தடவினால் போதும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று துருவை விரைவுபடுத்தும் என்பதால், ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் வியர்வை பட்ட இடங்களைத் துடைத்து மீண்டும் எண்ணெய் பூசி வையுங்கள்.